சுற்றுப் பிரசங்கியார்

பூஞ்சாற்று அரசரிடமிருந்து மன்றோ துரை 1877-ஆம் ஆண்டில் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதற்கு ஒரு தலைமுறை முன்னதாகவே, அம்மலைகளுக்குத் தென்மேற்கே முண்டக்கயத்தில், மலையரையர் நடுவே ஹென்றி பேக்கர் பாதிரியார் உழைத்து வந்தார் என்றாலும், அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் சர்ச் மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவர். ஊர் ஊராய்ச் சுற்றுவதையே விரத நியமம்போல் கைக்கொண்ட மெதடிஸ்ட் பிரசங்கியைத் தமிழரிடையே காண வேண்டுமாயின், மலையிறங்கிக் கடலையும் தாண்டி மட்டக்களப்புக்குச் செல்ல வேண்டும்.

டாக்டர் தாமஸ் கோக்கின் தலைமையில் இலங்கைக்குப் புறப்பட்ட வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரிகள், அத்தலைவர் நடுக்கடலிலேயே காலமானதால், 1814 ஜூன் மாத இறுதியில் தலைவனற்ற கூட்டமாய்க் காலியில் கரையிறங்கினர். அவர்களுள் ஒருவரான வில்லியம் ஆல்ட், கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்த துயரத்தோடு, தமிழறியாதவராய்த் தன்னந்தனியே மட்டக்களப்பு சேர்ந்து, பள்ளி தொடங்கி, ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே, 1815 ஏப்ரலில் மாண்டார்.

இந்தச் சுற்றுப் பிரசங்கிகளுடைய நாள், வைகறையில் எழுவதைக் கடமையாக விதித்த மெதடிஸ்ட் இயக்க நிறுவனர் ஜான் வெஸ்லியின் நியமப்படி இருளிலேயே தொடங்கும். வெயில் ஏறுமுன் குதிரையிலோ பல்லக்கிலோ அடுத்த ஊர்; முற்பகலில் முன்ஷியிடம் தமிழ்ப் பாடம்; உச்சிப்பொழுதுக்குச் சத்திரத் திண்ணை; வயலிலிருந்து ஜனங்கள் வீடு திரும்பும் அந்திவேளையில்தான் பிரசங்கம்; இரவில் விளக்கொளியில் லண்டனுக்குக் கடிதம். சென்னைக்கு வந்த வெஸ்லியன் மிஷனரி எலைஜா ஹூலோ, தாம் ஏறிவந்த ‘தஞ்சாவூர்’ என்னும் கப்பல் 1820-இல் இடிவிழுந்து எரிந்துபோனமையால், கொண்டுவந்த புத்தகங்களையெல்லாம் இழந்து, வெறுங்கையோடு இந்த வாழ்க்கையைத் தொடங்கினார்.

ஆனால் இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது என்பது என் அபிப்பிராயம். பிரசங்கியை ஓரிடத்தில் நெடுங்காலம் வைக்கலாகாது என்னும் விதி, எங்கும் ஒரே மொழி வழங்கும் இங்கிலாந்தின் கிராமங்களுக்குப் பொருந்தலாம். தமிழ் நாவில் படியத் தொடங்கும் தருணத்தில் ஒருவரை வேற்றூருக்கு அனுப்புவதால் யாருக்கு என்ன பயன்? காலையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, மாலையில் ஜெபம் நடத்தி, நோயுற்றவர் வீட்டையும் வழக்குற்றவர் வீட்டையும் மிதித்து, துரை மாறினாலும் தாம் மாறாதிருந்த உள்ளூர்த் தமிழ் உபதேசியாரே ஊராருக்கு மெய்யான பிரசங்கியாராய் விளங்கினார். சம்பளம் மட்டும் துரைக்கு அதிகம்!

இந்த இடமாற்ற விதிக்கு விலக்காக யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் தங்கிய பீட்டர் பெர்சிவல், இளைஞராயிருந்த ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கும் பாக்கியம் பெற்றார். அவரும் ஈற்றில் வெஸ்லியன் மிஷனை விட்டகன்று, சென்னையில் 1855-இல் ‘தினவர்த்தமானி’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார்.