ஈம் ஊரின் கொட்டகைகள்: 1666 பிளேக் கட்டுப்பாடுகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

பேட்ரிக் வாலிஸ் 2006இல் ‘ஹிஸ்டரி வொர்க்‌ஷாப் ஜர்னல்’ இதழில் எழுதிய கட்டுரைக்குப் பின் ஈம் ஊரைப் பற்றி யாரும் பழையபடி எழுதிவிட முடியாது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் உள்ள இந்தச் சிற்றூர் 1665-66இல் பிளேக்கில் சிக்கியபோது, அண்டை ஊர்களைக் காப்பதற்காகத் தானே தன் எல்லையை மூடிக்கொண்டு செத்தது என்பது உலகறிந்த கதை. 2020 ஊரடங்கில் வீட்டுக்குள் இருக்கும்படி மக்களுக்குச் சொல்ல நினைத்த பத்திரிகைகள் பலவும் இதைத்தான் எடுத்துப் போட்டன. இந்தக் கதைக்கு இன்றிருக்கும் உருவம் 17ஆம் நூற்றாண்டினுடையது அல்ல என்பது வாலிஸின் வாதம். மருத்துவர் ரிச்சர்ட் மீட் 1722இல் சேர்த்த சில வரிகள், ஈமில் பிறந்த அன்னா சீவர்டின் எழுத்து, ஹோவிட் தம்பதியர் 1827இல் வெளியிட்ட நெடுங்கவிதை, உள்ளூர்க்காரரான வில்லியம் வுட் 1842இல் கொண்டுவந்த ஊர் வரலாறு, பிறகு 1866இன் இருநூறாம் ஆண்டு நினைவு என்று படிப்படியாகக் கட்டி எழுப்பப்பட்ட கதை அது. சமகாலச் சான்றுகள் மிகக் குறைவு; பின்வந்தவர்களின் கற்பனையும் சமய உணர்வும் மிக அதிகம்.

இந்த வரிசையை நான் மறுக்கவில்லை. வுட் சொல்லும் மக்கள்தொகை ஒன்றே போதும். 350 பேர் வாழ்ந்த ஊரில் 83 பேரே எஞ்சினர் என்ற அவருடைய கணக்கு, அடுப்புவரிப் பட்டியல்களை வைத்து இன்று மதிப்பிடப்படும் ஏறத்தாழ 700 என்ற எண்ணுக்கு முன் நிற்காது. என் கருத்து வேறுபாடு வேறோர் இடத்தில். கதை பிந்தியது என்று நிறுவும்போது, ஊரார் உண்மையில் எந்த விதிகளின்படி நடந்துகொண்டார்கள் என்ற கேள்வியும் சேர்ந்து மங்கிவிடுகிறது. தியாகமா, புனைவா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி வாசகர் தள்ளப்படுகிறார். வாலிஸ் தோலை உரித்த அளவுக்கு, உள்ளே எஞ்சியதை எடைபோடவில்லை என்பதே என் எண்ணம். எஞ்சியது சிறிது. ஆனால் அந்தச் சிறிதும் ஒரே திசையைத்தான் காட்டுகிறது.

முதலில் காலவரிசை. அச்சில் வந்த சான்று 1722இல் தொடங்கவில்லை. இருபது ஆண்டுகள் முந்தியது. வில்லியம் பாக்‌ஷா 1702இல் இந்த மலைப்பகுதியின் சமய ஊழியர்களைப் பற்றி எழுதிய நூலில் தாமஸ் ஸ்டான்லி இடம்பெறுகிறார். ஸ்டான்லி 1662இல் ஆங்கிலத் திருச்சபையின் விதிகளுக்கு இணங்க மறுத்துப் பதவி இழந்த குருவானவர். பிளேக் காலத்தில் ஈமிலேயே தங்கியிருந்தவர். அவரை ஊரைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்று சிலர் டெவன்ஷயர் பிரபுவிடம் போய் நின்றபோது பிரபு மறுத்துவிட்டதாகவும், சுற்றியுள்ள ஊர்களுக்கு நோய் பரவாமல் காத்ததற்காக இந்த வட்டாரம் முழுவதும் அவருக்கு நன்றி காட்டவேண்டும் என்று சொன்னதாகவும் நம்பத்தகுந்தவர்கள் வழியாகக் கேள்விப்பட்டதைப் பாக்‌ஷா பதிவு செய்கிறார். மீட் தரும் வடிவத்தில் ஸ்டான்லி இல்லை. அங்கே எல்லாவற்றையும் செய்தவர் அதிகாரபூர்வக் குருவானவரான வில்லியம் மம்பெசன். மீட் அதை மம்பெசனின் மகன் வழியாகப் பெற்றார்.

ஒன்று விலக்கப்பட்டவர்களின் தரப்பு, மற்றது விலக்கிய திருச்சபையின் தரப்பு. யாருக்குப் புகழ் என்பதில் இவ்விரண்டும் முரண்படுகின்றன. ஆனால் வெளியூர்களுக்கு நோய் போகாமல் தடுக்கும் ஏற்பாடு திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்பதிலும், அதில் டெவன்ஷயர் பிரபுவுக்குத் தொடர்பு இருந்தது என்பதிலும் இரண்டும் ஒன்றுபடுகின்றன. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதக் காரணமில்லாத இரு தரப்புகள் ஒத்துப்போகும் இடத்தை, பின்னாளைய கவிஞர்கள் இட்டுக்கட்டினார்கள் என்று தள்ள முடியாது. பாக்‌ஷாவின் இறப்புக் கணக்கில் மட்டும் ஒரு முடிச்சு இருக்கிறது. பெரியவர்கள் 259 பேர், அவர்களுக்கு மேல் குழந்தைகள் 58 பேர் என்கிறார். மம்பெசன், கீழே பார்க்கப்போகும் தம் கடிதத்தில், சொல்வதும் 259தான்; ஆனால் அவர் குழந்தைகளைத் தனியே பிரிக்கவில்லை. சேகரப் பதிவேட்டை வைத்து எண்ணியவர்கள் பெரும்பாலும் 260க்கு அருகிலேயே நிற்கிறார்கள். 58 எங்கிருந்து வந்தது? மொத்தத்துக்குள் அடங்கிய குழந்தைகளின் எண்ணிக்கையை, கேட்டு எழுதியவர் மேலே கூட்டிவிட்டாரா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, அதற்குமேல் வலியுறுத்த மாட்டேன்.

இனி கொட்டகைகள். மீட்டின் சில வரிகளில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது யாரும் சேகரத்தைவிட்டு வெளியேறாதபடி மம்பெசன் பார்த்துக்கொண்டார் என்ற செய்தியை. அதற்கு முன்னால் ஒரு செய்தி இருக்கிறது: நோயாளிகளை ஊர்ப் பொதுநிலத்தில் கட்டிய குடிசைகளுக்கு மாற்றும்படி அவர் அறிவுரை சொன்னார் என்பது. பிரபுவின் செல்வாக்கால் உணவுப் பொருள்கள் வந்ததும் அதே தொடரில்தான் வருகிறது. பின்னாளைய கதையில் எல்லைக்கல் வளர்ந்தது, குடிசைகள் உதிர்ந்துபோயின. ஊர் முழுவதும் ஒரே உடம்பாக அடைபட்டுச் செத்தது என்ற சித்திரத்துக்கு, நோயாளியை ஊருக்குள்ளேயே பிரித்துவைத்த செய்தி இடைஞ்சல்.

இதற்குத் துணைநிற்பது மம்பெசன் 1666 நவம்பர் 20 அன்று ஜான் பீல்பி என்பவருக்கு எழுதிய கடிதம். ஊர் மண்டையோட்டு மேடாகிவிட்டது என்று அவர் புலம்பும் பகுதிதான் புகழ்பெற்றது. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து வரும் நிர்வாகக் குறிப்புகள். அக்டோபர் 11க்குப் பின் யாரும் இந்த நோயால் சாகவில்லை. நோயாளிக் கொட்டகைகள் காலியாகி வெகுநாளாகிறது. இந்த வாரம் கம்பளித் துணிகளையெல்லாம் புகைபோட்டுத் தூய்மை செய்யப்போகிறேன், அது வட்டாரத்தின் பாதுகாப்புக்கு மட்டுமல்ல, மனநிறைவுக்கும்தான் என்கிறார். பொருள்களை எரிப்பதில் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டோம் என்றும், பிறருக்கு முன்மாதிரியாக இருப்பதற்காகத் தேவைக்கு மேல் தம் உடைமைகளை அழித்துவிட்டதால் குளிருக்கு உடுத்தத் துணியில்லை என்றும் சேர்க்கிறார்.

கடிதங்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அச்சேறின என்பதால் வாலிஸின் ஐயம் இங்கும் நியாயமானதே. ஆனால் பின்னாளில் யாரேனும் தீட்டிய கடிதம் என்றால் அது இப்படியா இருக்கும்? குருவானவரைத் தியாகியாக்க விரும்புகிறவர், தேவைக்கு மேல் துணியை எரித்துவிட்டோம் என்ற முணுமுணுப்பை அவர் வாயில் வைக்கமாட்டார். இந்த முணுமுணுப்பில்தான் அந்த ஊரின் ஒழுங்குமுறை எப்படி இயங்கியது என்பது தெரிகிறது. விதிகளைக் கடைப்பிடித்தது நோயை நிறுத்துவதற்காக மட்டுமல்ல. கடைப்பிடிக்கிறோம் என்பதைச் சுற்றுவட்டாரம் பார்க்கவேண்டும், பார்த்து அமைதியடைய வேண்டும். இல்லையேல் உணவு வருவது நின்றுபோகும்.

சுற்றுவட்டாரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. ஈமில் பிளேக் இருந்த காலத்தில் ஃபுல்வுட் நீரூற்றுக்கு ஆட்கள் வராமல் தடுத்ததற்கான செலவு ஷெஃபீல்டு நகரக் காவலர்களின் கணக்கில் பதிவாகியிருக்கிறது. கதையைக் கட்டியவர்கள் யாரும் கைவைக்காத வறண்ட வரவுசெலவு வரி அது. உள்ளே இருந்தவர்கள் தாமாக அடங்கியிருந்தார்கள் என்றாலும், வெளியே கூலி கொடுத்துக் காவல் போட்டிருந்தார்கள். 1604ஆம் ஆண்டுச் சட்டம், பிளேக் கட்டியுடன் வெளியே நடமாடுபவரைத் தூக்குக்குரிய குற்றவாளியாக்கியிருந்ததையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும். தானே முன்வந்து என்ற சொற்களுக்கு அந்தப் பின்னணியில் எவ்வளவு எடை தரமுடியும் என்று வாலிஸ் கேட்பது சரியான கேள்வி. நான் மறுப்பது, அதற்கு விடையே கிடைக்காது என்ற தொனியை.

என் விடை இது. 1666 மே மாதம் அரசரின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சில் புதிய பிளேக் விதிகளை வெளியிட்டது. அதுவரை இங்கிலாந்தின் வழக்கம், 1578 ஆணைகளின் மரபில், நோய் கண்ட வீட்டை ஆட்களோடு சேர்த்துப் பூட்டிவைப்பது. லண்டனில் 1665இல் அது எப்படி முடிந்தது என்பது தெரிந்ததே. புதிய விதிகள் அழுத்தத்தை மாற்றின. ஊருக்கு எட்டி ஓரிடத்தில் நோயாளிகளுக்கான விடுதியோ குடிசைகளோ கொட்டகைகளோ ஆயத்தமாக இருக்கவேண்டும் என்றன. பிளேக்கில் இறந்தவர்களை ஆலயத்திலும் ஆலயக் கல்லறைத் தோட்டத்திலும் புதைக்கலாகாது, தோட்டம் மிகப் பெரியதாக இருந்து தனி இடம் ஒதுக்கி அடைத்தாலன்றி வேறிடத்திலேயே புதைக்கவேண்டும் என்றன. ஈம் மரபு தன் கட்டுப்பாடுகளை எந்த மாதத்தில் வைக்கிறது? 1666 ஜூனில். அந்தக் கட்டுப்பாடுகள் யாவை? கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நிறுத்தப்பட்டு அவரவர் தம் நிலத்தில் புதைத்தனர், ஆலயம் பூட்டப்பட்டு கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் திறந்தவெளியில் ஆராதனை நடந்தது, எல்லை மூடப்பட்டது. மீட் சொல்லும் குடிசைகளையும் சேர்த்தால், நான்கில் இரண்டு அப்படியே மே மாத விதிகளில் இருப்பவை.

இந்த விதிகள் ஈமுக்கு வந்துசேர்ந்ததைக் காட்டும் ஆவணம் என் வாதத்தில் இல்லை. இருப்பது ஓர் ஆள். மூன்றாம் டெவன்ஷயர் பிரபுவான வில்லியம் கேவன்டிஷ் சாட்ஸ்வொர்த் மாளிகையில், ஈமிலிருந்து சில மைல் தொலைவில் வாழ்ந்த நிலப்பிரபு மட்டுமல்லர்; 1660 முதல் டெர்பிஷயரின் லார்ட் லெப்டினென்ட், அதாவது அந்த மாவட்டத்தில் அரசரின் பிரதிநிதி. பாக்‌ஷாவும் அவரை அந்தப் பதவிப் பெயரோடுதான் குறிக்கிறார். பின்வந்த எழுத்துகளில் அவர் இரக்கமுள்ள கொடையாளி ஆகிவிட்டார். குருவானவர் அவருக்கு எழுதினார், அவர் உணவு அனுப்பினார் என்பதை ஊரும் அரசும் செய்துகொண்ட ஏற்பாடாகப் படித்தால் தியாகம், புனைவு என்ற இரட்டைத் தேர்வு கரைந்துபோகிறது. குருவானவர் விதிகளை ஊராரிடம் சொல்லி இணங்கவைத்தார், மாவட்ட அதிகாரம் சோறு போட்டது, பக்கத்து நகரம் காவல் நின்றது. இணங்கவைக்கும் வேலைக்குப் பதவி இழந்த ஸ்டான்லியின் செல்வாக்கும் தேவைப்பட்டிருக்கும். ஊர் பழக்கத்தால் அவரைத்தான் அதிகம் நம்பியது என்று ஊகிப்பது கடினமல்ல, மம்பெசன் அங்கே வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

இந்த வாசிப்பைக் குலைக்கக்கூடிய ஒரு கல் ஈம் ஆலயக் கல்லறைத் தோட்டத்திலேயே நிற்கிறது. மம்பெசனின் மனைவி கேதரினின் கல்லறை அது. குருவானவரின் மனைவி, டர்ஹம் மாவட்டத்துக் கோக்கன் ஊர் ரால்ஃப் காரின் மகள் என்று அறிமுகம் செய்யும் கல்வெட்டு, அடக்க நாளை 1666 ஆகஸ்ட் 25 என்கிறது. நோய் மிகக் கொடுமையாக இருந்த மாதம் அது. அதே ஆகஸ்டில் ஊருக்கு வெளியே ரைலி மேட்டில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் எட்டு நாளில் தன் கையாலேயே வயலில் புதைத்தாள். அவர்களுடைய கல்லறைக் கற்களும் இன்றுவரை இருக்கின்றன. கல்லறைத் தோட்டம் எல்லோருக்கும் மூடப்பட்டிருந்தால் கேதரின் அங்கே எப்படி வந்தார்?

மூன்று வழிகளில் விளக்கலாம். தடை முழுமையானதல்ல, இடமும் குழிதோண்ட ஆளும் கிடைத்தவர்கள் உள்ளேயே புதைத்தார்கள் என்பது ஒன்று. அப்படியானால் ஜூன் மாதக் கட்டுப்பாடு என்ற மரபே தளர்கிறது, என் மே மாதத் தொடர்பும் தளர்கிறது. குருவானவரின் குடும்பத்துக்கு விலக்கு கிடைத்தது என்பது இரண்டாவது. விதிகளை வகுப்பவர் வீட்டுக்கு விதி வளைவது எந்தக் காலத்திலும் அதிசயமல்ல, 2020இலும் அதைப் பார்த்தோம். மேலும் மம்பெசன் தம் பிள்ளைகளை முன்பே யார்க்‌ஷயருக்கு அனுப்பிவிட்டவர். கல் அடக்க இடத்தைக் குறிக்காமல் பிறகு நினைவாக எழுப்பப்பட்டிருக்கலாம் என்பது மூன்றாவது. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். விதி இருந்ததால்தான் விலக்கு கண்ணில் படுகிறது. முதலாவதை மறுக்கும் சான்று மட்டும் என்னிடம் இல்லை.

டெல்ஃப் ஆராதனையை வலுவாக நிலைநிறுத்த என்னால் இயலவில்லை. மீட்டிடம் அது இல்லை, மே மாத விதிகளோடு அதைப் பொருத்துவதும் கடினம். ஆனால் அதைச் சொல்லும் அன்னா சீவர்டின் தந்தை தாமஸ் சீவர்டும் ஈமின் குருவானவராக இருந்தவர். கேள்விச்செய்தி ஊர் மந்தையில் மட்டுமல்ல, குருமனை வழியாகவும் இறங்கியிருக்கிறது என்பதால் அதை முழுக்க ஒதுக்கவும் மனமில்லை. ஸ்டோனி மிடில்டன் எல்லையில் இருக்கும் துளையிட்ட கல்லை, துளைகளில் காடி ஊற்றிக் காசு போட்டார்கள் என்ற கதையோடு சேர்த்து, ஒதுக்கிவிடுகிறேன். கல்லில் தேதி இல்லை.

லிலித் விட்டில்ஸ், சேவியர் டிடலோ இருவரும் 2016இல் பதிவேட்டை வைத்துச் செய்த கணித ஆய்வு, ஈமில் நான்கில் மூன்று பங்குத் தொற்று மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது என்று மதிப்பிடுகிறது. குடும்பத்துக்குள் பரவியதே அதில் தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் எல்லையைவிடக் குடிசைகளே உயிர்களைக் காத்திருக்கவேண்டியவை. அவை ஜூனிலேயே எழுந்தன என்றால் ஜூலையும் ஆகஸ்டும் ஏன் அவ்வளவு மோசமாகின என்பதற்கு விளக்கம் வேண்டும். ஆகஸ்டுக்குப் பின் எழுந்தன என்றால் செப்டம்பரில் சாவு இறங்கியதற்கு அவை ஒரு காரணமாகலாம்; ஆனால் அப்போது மே மாத விதிகளுக்கும் அவற்றுக்கும் இடையே மூன்று மாத இடைவெளி விழுகிறது. நவம்பரில் எழுதும் மம்பெசன் அவை காலியாகி வெகுநாளாகிறது என்கிறார். கடைசிச் சாவு அக்டோபர் 11 என்று அவரே சொல்லியிருக்க, அந்த வெகுநாள் அக்டோபருக்கு முன்னும் போகலாம். மீட் தேதி தரவில்லை. குடிசைகள் எழுந்தது ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் என்பதற்கு மேல் சொல்ல இப்போதைக்கு இடமில்லை.