பூவரசின் கோணல்: வளர்ப்பு முறையும் மரப்பயனும்

பூவரசு குட்டை, கோணல், நீளப் பலகைக்கு ஆகாது என்பது மர வாடிகளில் வழங்கும் தீர்ப்பு. அந்தக் கோணலில் பெரும்பங்கு மரத்தின் இயல்பன்று, நாம் அதை வளர்த்த முறையால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரத்தின் தரத்தில் ஐயமில்லை. தண்டை அறுத்தால் வெளுத்த வெளிறும் கருஞ்சிவப்பு வைரமும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். வெளிறைப் பூச்சி துளைக்கும். வைரமோ தண்ணீரில் கிடந்தாலும் நெடுநாள் தாங்கும், இழைத்தால் நன்கு மெருகேறும். தென்னிந்தியாவில் துப்பாக்கிக் கட்டை, படகு, வண்டி, மேசை நாற்காலி எனப் பலவற்றுக்கும் இது பயன்பட்டதை ஆங்கிலேயர் காலத்து மரநூல்கள் குறிக்கின்றன. உணவில் மணமோ சுவையோ ஏற்றாத மரம் என்பதால் ஹவாய்த் தீவினர் இதில் கலம் கடைந்தனர்.

மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் குடம், அதில் செருகிய ஆரக்கால்கள், அவற்றின் முனைகளைப் பிணைத்து வட்டமாகச் சூழும் வட்டைத் துண்டுகள். வட்டை நீளமான மரம் கேட்பதில்லை. வளைந்த குட்டைத் துண்டே அதற்கு வசதி. கோணல் அங்கே குறையாக இருக்கவில்லை. வண்டி போய்க் கதவும் கட்டிலும் மட்டுமே எஞ்சியபோதுதான் அது குறையானது.

சரி, கோணல் எங்கிருந்து வந்தது? பூவரசைப் போத்து வெட்டி நட்டால் எளிதில் துளிர்க்கும். ஆகவே வேலியோரமும் வாய்க்கால் கரையும் அதற்கு இடமாயின. ஆட்டுக்குத் தழை, வயலுக்குப் பசுந்தழை உரம் என ஆண்டுதோறும் கிளை கழித்தோம். கழித்த இடமெல்லாம் முண்டாகிப் புதுக்கிளை வெடித்தது. இப்படி வளர்த்துவிட்டு நேரான தண்டை எதிர்பார்ப்பது நியாயமா? விதையிட்டு, நெருக்கி நட்டு, பக்கக் கிளைகளை இளமையிலேயே நீக்கினால் அறுவைக்கு உரிய தண்டு கிடைக்கும்.

தென்சென்னைப் புறநகரான கோவிலம்பாக்கத்துக்கு இவ்வாதம் நேரடியாகப் பொருந்தும். ஒருபுறம் நாராயணபுரம் ஏரி. அருகே 2022இல் ராம்சர் ஈரநிலத் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். இத்தகைய இடத்துக்குப் பூவரசு ஏற்றது: அது கடற்கரை மரம், உவரைத் தாங்குவது. அதன் காய்கள் கடலில் மிதந்தும் தீவுகளுக்குப் பரவின. ஆனால் சென்னைச் சாலைகளில் விரைந்த நிழலுக்காக அயல்நாட்டுக் கொன்றை வகைகளையே மிகுதியாக நட்டோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் அவை பெருமளவில் சாய்ந்தன. பழி முழுவதையும் இனத்தின் மேல் போடுவதும் தவறு. வேரடியில் சிமென்ட் பூசி மூடினால் எந்த மரமும் சாயும்.

மெட்ரோ பணி நடக்கும் மேடவாக்கம் சாலையில் நாளை மரம் நடுவோர், போத்துக்குப் பதில் விதைக்கன்றாகப் பூவரசை நடட்டும். வேரடி மண்ணையும் திறந்து வைக்கட்டும்.