தாய்மனையும் காவலர் குடும்பமும்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என அம்பாறைக் கரையோரத்தே தொடரும் முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குச் சீதனமாக வீடும் வளவும் அளிக்கப்படும்; மணமகன் அங்குச் சென்று வாழ்வான். குடியும் தாய்வழியே வரும். அயலிலுள்ள தமிழரிடத்தும் இம்மரபு காணப்படும்.

போர்க்காலத்திலே இம்மரபின் வலிமை புலனாயிற்று. 1990 யூனில் விடுதலைப் புலிகளிடம் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிசார் கிழக்கிலே கொல்லப்பட்டனர். ஆகஸ்டு 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டனர். முஸ்லிம் இளைஞர் பலர் ஊர்காவற் படையிற் சேர்ந்தனர். தந்தை இரவுக் காவலிலிருந்தபோதும், உயிர் துறந்தபோதும், பிள்ளை வீடிழக்கவில்லை. பாட்டியும் பெரியம்மாவும் சாச்சியும் அடுத்தடுத்த வளவுகளில் இருந்தனர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோள் இம்மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. சீதன வீடுகளும் அழிந்தன. புதிய வீடுகளின் உரிமை பல இடங்களில் ஆண் குடும்பத் தலைவர் பெயருக்கே சென்றது. போர் காத்துவைத்ததை நிவாரணமே நெகிழச்செய்தது எனலாம்.

2009இல் போர் ஓய்ந்தது. துவக்கொடு பழகிய தந்தையைப் பிள்ளை மீண்டும் நம்புதற்கு இரண்டு வேண்டும்: தாய்க்கு உறுதியான மனை, நிகழ்ந்தவற்றை, தம்மவர் இழைத்தனவும் உட்பட, மறையாது கூறும் வாய்மை. முன்னையதைச் சட்டம் அளிக்கலாம். பின்னையதைத் தந்தையே அளித்தல் வேண்டும்.