சமையலறை உருளையும் சாலை வாகனமும்

புனே நகரின் கிழக்கு வாயில் ஹடப்சர். சோலாப்பூர் நெடுஞ்சாலை இதன் நடுவே செல்கிறது. தெற்கே பிரியும் சாலை திவே காட் மலையேற்றத்தைக் கடந்து சாஸ்வடை அடைகிறது. கிழக்கே சிறிது தொலைவிலுள்ள லோணி காள்போரில் எண்ணெய் நிறுவனங்களின் பெருங்கிடங்குகள் அமைந்துள்ளன. தொழிற்பேட்டையும் சந்தையும் கூடிய இத்தகைய புறநகர்களில் எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் அந்தச் சுமை ஆட்டோ ஓட்டுநர், வாடகை வேன்காரர், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர் ஆகியோரின் தோளில்தான் முதலில் இறங்குகிறது. பெட்ரோல் வண்டியை எரிவாயுவுக்கு மாற்றும் வழக்கத்தின் வரலாற்றை இவர்களுடைய கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும். அது சுற்றுச்சூழல் அக்கறையின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. உண்மையில் அது விலை வேறுபாட்டின் வரலாறு. சட்டம் அதன் பின்னால் நடந்து வந்தது.

இந்தியச் சாலைகளில் வாயுவால் ஓடிய வண்டி புதுமையன்று. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. பெட்ரோல் பங்கீட்டுப் பொருளாயிற்று. பேருந்துகளின் பின்புறத்தில் பெரிய உருளைக் கலன்கள் பொருத்தப்பட்டன. அவற்றில் மரக்கரியை இட்டு, காற்றை அளவாகச் செலுத்தி, கிடைத்த வாயுவை எஞ்சினுக்கு அனுப்பினர். தமிழ்நாட்டு முதியோர் நினைவில் இருந்த ‘கரி பஸ்’ இதுவே. புறப்படுமுன் கிளீனர் விசிறியைச் சுற்றித் தீயை மூட்ட வேண்டும். மேட்டில் வண்டி திணறினால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். அரசே ஊக்குவித்த மாற்றம் அது. எனினும் போருக்குப் பின் பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் கரிக்கலன்கள் கழற்றி எறியப்பட்டன. பற்றாக்குறை கொண்டுவந்ததைப் பற்றாக்குறையின் முடிவு கொண்டுபோயிற்று.

திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு, அதாவது எல்.பி.ஜி., வந்த வழி வேறு. அமெரிக்க வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங் 1910இல் பெட்ரோலிலிருந்து ஆவியாகி வீணாகும் பொருளை ஆராய்ந்து, அதில் புரோப்பேனும் பியூட்டேனும் இருப்பதைக் கண்டார். மிதமான அழுத்தத்திலேயே இவை திரவமாகிவிடும். அதனால் கனத்த கலன் தேவையில்லை. வாகனப் பயன்பாட்டில் இத்தாலி முன்னோடியாயிற்று. ரெஜ்ஜோ எமிலியாவில் 1954இல் தொடங்கிய லாண்டி ரென்சோவும், விச்சென்சாவில் 1958இல் தோன்றிய லொவாட்டோவும் செய்த மாற்றுக் கருவித் தொகுதிகள் உலகெங்கும் பரவின. ‘கேஸ் கிட்’ என்று பட்டறைகளில் வழங்குவது இதுதான்.

இந்தியாவிலோ இவ்வாயு 1950களின் நடுவில் பம்பாயில் அடுப்பெரிக்கும் பொருளாக அறிமுகமாயிற்று. இந்தியன் ஆயில் தன் முதல் இண்டேன் இணைப்பை 1965இல் கல்கத்தாவில் வழங்கியது. விறகுப் புகையிலிருந்து சமையலறையை மீட்கும் பொருள் என்பதால் அரசு மானியம் அளித்தது. இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. ஒருபுறம் வரி மிகுந்த பெட்ரோல், மறுபுறம் மானியம் பெற்ற 14.2 கிலோ உருளை. இவ்விரண்டுக்கும் இடையிலான பள்ளமே அனுமதியற்ற மாற்றத்தின் பிறப்பிடம். மாருதி 800இன் டிக்கியிலும் ஆம்னி வேனின் இருக்கைக்கு அடியிலும் சமையல் உருளை குடியேறியது. அடுப்படிக்கென ஒதுக்கிய வாயு, காத்திருந்த குடும்பத்தைத் தாண்டிச் சாலைக்குப் போனது.

இதில் இருந்த ஆபத்து தற்செயலானதன்று, அமைப்பிலேயே உள்ளது. சமையல் உருளை நிமிர்ந்து நின்று மேற்புறத்திலிருந்து ஆவியை மட்டும் தருமாறு வடிவமைக்கப்பட்டது. வாகனக் கருவிக்கோ திரவம் வேண்டும். அது எஞ்சினின் குளிர்நீர்ச் சூட்டால் வேப்பரைசரில் ஆவியாகி, கார்புரேட்டருக்கு அருகில் காற்றோடு கலக்கிறது. ஆகவே உருளையைச் சாய்த்தோ கவிழ்த்தோ வைத்தனர். வாகனத்துக்கென்று செய்த கலனில் 80 விழுக்காட்டோடு நிரப்புதலை நிறுத்தும் அடைப்பும், குழாய் அறுந்தால் ஓட்டத்தை நிறுத்தும் வால்வும் உண்டு. சமையல் உருளையில் இவை இல்லை. காற்றைவிடக் கனமான இவ்வாயு கசிந்தால் மேலே போகாமல் வண்டியின் தரையிலேயே தேங்கும். ஒரு பொறி போதும். பள்ளி வேன்களில் இருந்த பிள்ளைகள் இந்தச் சிக்கனத்தின் விலையை அறியாமலே அதன்மேல் அமர்ந்து சென்றனர்.

டெல்லியின் காற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 1998 ஜூலை 28 அன்று பிறப்பித்த ஆணை, எரிபொருள் மாற்றத்தை நாட்டின் பேசுபொருளாக்கியது. அதன் பின்னரே, 2000ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் எல்.பி.ஜி.க்கு வண்டியை மாற்ற இடமளித்தது. வாகனங்களில் அதன் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் ஆணை 2001இல் வந்தது. வாகன வாயுவுக்குத் தனித் தர வரையறையும், அதை நிரப்பத் தனி நிலையங்களும் ஏற்பட்டன. சமையல் உருளையை வண்டியில் பயன்படுத்துவது குற்றமாகவே நீடித்தது.

இந்த ஒழுங்கின் இரு தூண்கள் மகாராஷ்டிரத்திலேயே உள்ளன. கருவித் தொகுதியைப் பொருத்திய எஞ்சினின் புகையையும் பாதுகாப்பையும் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்புகளில் முதன்மையானது, 1966இல் நிறுவப்பெற்ற இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிக் கழகம். அது புனேயின் வேதாள் குன்றில் இருக்கிறது. கலனுக்கு ஒப்புதல் தரும் வெடிபொருள் தலைமைக் கட்டுப்பாட்டு அலுவலகம் நாக்பூரில் உள்ளது. ஒப்புதல் பெற்ற பட்டறையில் பொருத்தி, ஆர்.சி. புத்தகத்தில் பதிந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை கலனை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

முறையான மாற்றத்திலும் இழப்பு உண்டு. ஒரு லிட்டர் எல்.பி.ஜி.யில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழக் கால் பங்கு குறைவு. அதனால் அதன் விலை பெட்ரோலின் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால்தான் ஓட்டுநருக்கு ஆதாயம். கருவியின் விலையும் அந்த ஆதாயத்திலிருந்தே மீள வேண்டும். பழைய கலவை முறையில் வாயு காற்றின் இடத்தையும் பிடித்துக்கொள்வதால் இழுவை குறையும். திவே காட் போன்ற ஏற்றங்களில் பொத்தானைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ள நேர்வது அதனால்தான்.

பின்னர் நகரங்கள் வழி பிரிந்தன. புனேயில் குழாய்வழி இயற்கை எரிவாயு வந்து சேர்ந்தது. 2006இல் உருவான மகாராஷ்டிர இயற்கை எரிவாயு நிறுவனத்தின் நிலையங்கள் பெருகப் பெருக, ஹடப்சர் ஆட்டோக்கள் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறின. சென்னையில் அந்த எரிவாயு வெகு தாமதமாகவே வந்தமையால் எல்.பி.ஜி. ஆட்டோக்கள் நிலைபெற்றன. ஒரே தொழில், ஒரே வண்டி. எந்த வாயு என்பதைத் தீர்மானித்தது ஊருக்குள் வந்த குழாய்.

கரி பஸ் காலத்தில் அரசு ஊக்குவித்தது, விலைக் காரணம் மறைந்ததும் வழக்கம் அழிந்தது. எல்.பி.ஜி. காலத்தில் அரசு தடுத்தது, விலைக் காரணம் இருந்ததால் வழக்கம் வளர்ந்தது. இரண்டும் சுட்டுவது ஒன்றே. சான்று பெற்ற கருவி, சோதித்த கலன், அருகில் ஒரு நிரப்பு நிலையம் ஆகிய மூன்றும் ஓட்டுநரின் அன்றாட வருவாய்க்கு எட்டும் விலையில் கிடைக்காத இடத்தில், சமையல் உருளை மீண்டும் இருக்கைக்கு அடியில் போய்ச் சேரும். அதை அபராதத்தால் மட்டும் வெளியே எடுக்க இயலாது.