அமர்ந்து மறத்தலும் மூச்சை நடத்தலும்: தாவோ தியான மரபில் ஒரு பழைய வழக்கு

சீனாவின் தியென்சின் அருங்காட்சியகத்தில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பன்னிரண்டு பட்டைகள் கொண்ட ஜேடு கல் ஒன்று இருக்கிறது. போரிடும் நாடுகள் காலத்தது. அதன் மேல் 45 எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. மூச்சு ஆழ்ந்து, சேர்ந்து, கீழிறங்கி, நிலைபெற்று, விதைபோல முளைவிட்டு, வளர்ந்து, மறுபடி மேலேறும் வழியை அவை படிப்படியாகச் சொல்கின்றன. ‘சி’ எனப்படும் உயிர்மூச்சாற்றலை நடத்தும் கலைக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று.

தாவோ தியானத்தில் இரண்டு போக்குகள் உண்டு: ஒன்று எல்லாவற்றையும் கைவிட்டு அமர்வது, மற்றொன்று உடலுக்குள் சியை நடத்துவது. முன்னதைத் தூய தத்துவம் என்றும் பின்னதைப் பிற்கால ஆயுள்நீட்டிப்பு ஆசை என்றும் பிரித்துப் பேசும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. மூலநூல்கள் இந்தப் பிரிவினைக்கு இடம் தருவதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் ஒரே காலத்தில் அருகருகே இருந்தவை. முயற்சி எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் அவை வழக்காடின.

கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘நெய்யே’ என்ற சிறுநூல் ‘குவான்சி’ தொகுப்பில் உள்ளது. சியை வலுவால் பிடித்து நிறுத்த முடியாது, உள்ளத்தின் செம்மையால்தான் அதை அமைதிப்படுத்த முடியும் என்கிறது அது. ‘சுவாங்சி’ நூலின் 4ஆம் அத்தியாயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே ‘மன நோன்பு’ என்பது காதால் கேட்பதை விட்டு, மனத்தால் கேட்பதையும் விட்டு, வெறுமையாய்க் காத்திருக்கும் சியால் கேட்பது. மனத்தைக் கைவிட்டபின் எஞ்சுவதே சி என்றால், இரண்டும் எதிரெதிர் என எப்படிச் சொல்வது? 6ஆம் அத்தியாயத்தில் யென் ஹுய் தன் ஆசான் கன்ஃபூசியஸிடம் அறநெறிகளையும் சடங்குகளையும் மறந்ததைச் சொல்லி, கடைசியில் உடலையும் அறிவையும் உதறிய நிலையைச் சொல்கிறான். ‘அமர்ந்து மறத்தல்’ என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். கேட்ட ஆசான், தானே அவனுக்கு மாணவனாக விரும்புகிறார்.

அதே நூலின் 15ஆம் அத்தியாயம் கரடிபோலத் தொங்கி, பறவைபோல நீட்டி, நெடுநாள் வாழ மூச்சுப் பயில்வோரைக் குறை சொல்கிறது. அவர்கள் கற்பனை மாந்தர் அல்லர். கி.மு. 168இல் மூடப்பட்ட மவாங்துய் கல்லறையிலிருந்து 1973இல் வெளிவந்த பட்டுத்துணியில், இத்தகைய அசைவுகளைச் செய்யும் 44 ஆண் பெண் உருவங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. சிலவற்றின் அருகே விலங்கின் பெயரும், சிலவற்றின் அருகே நோயின் பெயரும் எழுதியிருக்கிறார்கள்.

இந்த வழக்கை முதலில் நேராக எதிர்கொண்டவராக நான் காண்பது தாங் காலத்துச் சிமா செங்சென்னை (647–735). ‘அமர்ந்து மறத்தல் பற்றிய உரை’ அவர் பெயரில் வழங்குகிறது. சியை உட்கொள்வதையும் உடலுறுப்புகளையும் நோய்களையும் பேசும் ஒரு நூலும் அவருடையதே. ஒரே ஆள் இரண்டையும் எழுதியிருக்கிறார் என்பதைக் கடந்துபோக முடியவில்லை. மறத்தலுக்கு அவர் ஏழு படிகள் வகுக்கிறார்: நம்பிக்கையில் தொடங்கி, பந்தங்களை அறுத்து, மனத்தை ஒடுக்கி, தாவோவை அடைவதுவரை. மனத்தை ஒடுக்கும் பகுதியில் ஓர் எச்சரிக்கை வருகிறது. எழும் எண்ணத்தையெல்லாம் அழித்து வெறுமையிலேயே மனத்தை இருத்தினால், அதுவும் ஒன்றைப் பற்றிக்கொள்வதே. அதற்காகக் கட்டவிழ்த்து விடவும் அவர் சொல்லவில்லை. மாடும் குதிரையும் வீட்டு விலங்குகள்தாம். ஆனாலும் அவிழ்த்துவிட்டால் முரண்டு பிடிக்கும். பருந்து காட்டுப் பறவை. ஆனாலும் கட்டி நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தால் பழகிவிடும் என்கிறார். ஆக, கைவிடுதலே பழகிப் பெற வேண்டிய தேர்ச்சியாகிறது. பௌத்தத் தியான முறைகளின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது.

சோங் காலத்தில் ‘உள் ரசவாதம்’ இந்தத் தேர்ச்சிக்கு அடுப்படி மொழியைத் தந்தது. சாங் போதுவானின் ‘வூசென் பியென்’ நூலின் முன்னுரை 1075ஆம் ஆண்டினது. உடலே உலை, உயிர்ச்சாரம் சியாகவும், சி உணர்வாகவும், உணர்வு வெறுமையாகவும் மாற வேண்டும். கவனமும் மூச்சுமே தீ. தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தீயின் அளவை வகுக்கும் சித்த மருத்துவத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்: தொடக்கத்தில் ‘போர்த்தீ’, பின்னர் ‘மென்தீ’. சி உடலுக்குள் சுற்றிவரும் சுற்றின் நடுவே இரண்டு இடங்களில் தீயைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்த இடைவெளிக்குக் ‘குளியல்’ என்று பெயர். கைவிடுதல் இங்கே செய்முறைக்குள்ளேயே ஓர் அங்கமாகிவிடுகிறது. இவ்வளவும் எழுதிய சாங், மன இயல்பை உணராமல் இது நிறைவுறாது என்று கருதி, சான் பௌத்தச் சாயலுள்ள பாடல்களை நூலின் கடைசியில் சேர்த்தார்.

வாங் சோங்யாங் (1113–1170) தொடங்கிய சுவான்சென் மரபு வரிசையை மாற்றி, மன இயல்பை முன்னே வைத்தது. எது முதலில் என்பதில் வடக்கின் சுவான்சென் மரபும் சாங்கின் வழிவந்த தெற்கு மரபும் வேறுபட்டன; இரண்டும் வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போயின.

1914இல் ஜியாங் வெய்ச்சியாவோ என்ற கல்வியாளர் அமர்தல் முறை பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். இளமையில் காசநோயால் அவதிப்பட்டவர். உலை, ஈயம், பாதரசம் என்ற பழைய குழூஉக்குறிகளை விலக்கி, உடலில் தாம் உணர்ந்ததை எளிய நடையில் எழுதினார். அடிவயிற்றில் கவனம் வைத்து அமர்ந்ததைச் சொல்கிறார். மாதக்கணக்கில் பயின்றபின் அங்கே திரண்ட வெம்மை அதிர்ந்து, முதுகுத்தண்டு வழியே உச்சிக்கு ஏறியதையும் சொல்கிறார். ஏறியபோது அவர் அதைத் தள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை.