அலைகளுக்கும் வேலி உண்டு

பெம்பான் பட்டணத்துக்குச் சென்று கைத்தொலைபேசி வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம். சான்று முத்திரையை மட்டும் தேடுவதில்லை. அம்முத்திரைக்குப் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

கம்பியில்லாத் தந்தியின் தொடக்க காலத்தில் மின்பொறிக் கருவிகளால் செய்தி அனுப்பினர். ஒரு கருவியின் அலை அங்குமிங்கும் பரவி, அடுத்தவர் செய்தியைக் கெடுத்தது. கடலில் தத்தளிக்கும் கப்பலின் குரலும் அந்த இரைச்சலில் அமுங்கிப் போகலாம் அல்லவா? ஆகவே 1906-இல் பெர்லினில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன, எஸ்.ஓ.எஸ். என்னும் அபாயக் குறியையும் ஏற்றன.

நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பதிலாக, 1998-இல் இயற்றப்பட்ட தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1999 ஏப்ரல் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அலை பரப்பும் கருவிகளுக்கு அதன்கீழ் சான்று வேண்டும். 1975-இல் உருவான சிரிம் நிறுவனம் அந்தப் பணியைச் செய்கிறது. கருவி தனக்குரிய அலைவரிசையில் நிற்கிறதா, அளவுக்கு மீறிய ஆற்றலை வெளியிடுகிறதா என்று சோதனை அறிக்கையைக் கொண்டு பார்க்கிறார்கள்.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? பண்பலை வானொலி 108 மெகாஹெர்ட்சில் முடிகிறது. விமானங்களுக்குரிய அலைவரிசை அங்கேயே தொடங்குகிறது. வேலி தாண்டிய மாடு அடுத்தவர் காய்கறிப் பாத்தியை மேய்வதுபோல், தரமற்ற கருவி விமானியின் காதில் இரைச்சலாக நுழையலாம்.

சில வெள்ளி மிச்சமாகிறது என்று முத்திரையில்லாத கருவியை வாங்க வேண்டாம். பெட்டியைத் திருப்பிப் பார்ப்போம்; படித்த பிள்ளைகளையும் பார்த்துச் சொல்லச் சொல்வோம்.