மறைவும் குரலும்: தொலைவழி மன ஆலோசனை வந்த பாதை

இணையவழி மன ஆலோசனையைக் கொரோனா காலத்தின் குழந்தை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கணவன் மனைவிப் பிணக்கு, புகுந்த வீட்டு மனத்தாங்கல், மேலதிகாரி சொன்ன ஒரு சொல் நெஞ்சில் தைத்துத் தூக்கம் கெடுவது போன்ற அன்றாடத் துயரங்களுக்காகச் செல்பேசித் திரையில் ஆலோசகரைச் சந்திப்பது 2020-க்குப் பிறகே பரவலானது என்பது உண்மைதான். ஆனால் இதன் வேர் கணினியில் இல்லை. மனம் திறப்பவர்கள் எப்போதும் இரண்டு மறைவுகளைத் தேடியிருக்கிறார்கள்: கேட்பவருக்கு நான் யாரென்று தெரியக் கூடாது, சுற்றியிருப்பவர்களுக்கு நான் பேசுவது கேட்கக் கூடாது. காலப்போக்கில் இவ்விரு மறைவுகளுக்கும் என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1953 நவம்பரில் லண்டனில் சாட் வாரா என்ற ஆங்கிலிகன் பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காகத் தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசி இணைப்பை ஒதுக்கினார். ஆலோசனை வழங்கப் போவது தாமே என்றுதான் எண்ணியிருந்தார். நேரில் வந்தவர்கள் தம் முறைக்காகக் காத்திருக்கையில் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கத் தன்னார்வலர்களை அமர்த்தினார். பலர் அந்தத் தன்னார்வலர்களிடமே கொட்டித் தீர்த்துவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலேயே மன நிம்மதியோடு திரும்பினார்கள். வாரா இதைக் கவனித்தார். சில மாதங்களிலேயே, 1954-இல், கேட்கும் பொறுப்பைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார். ‘சமாரிட்டன்ஸ்’ இயக்கம் பிறந்தது இப்படித்தான். தீர்ப்புச் சொல்லாமல், அறிவுரையைத் திணிக்காமல், பெயர் கேட்காமல் செவிகொடுப்பதே ஒரு பெரிய உதவி என்ற அறிவு அந்தத் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே கிடைத்தது. தொலைவழி ஆலோசனையின் வரலாற்றில் இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்பது என் கருத்து.

அந்த மரபு இலங்கைக்கு 1974-இல் ‘சுமித்ரயோ’வாக வந்தது. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் ‘சிநேகா’வைத் தொடங்கினார். அழைப்பவர் தம் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னது வெளியே போகாது. முதல் மறைவு இங்கே உறுதியாக இருந்தது. இரண்டாவது அவ்வளவு எளிதல்ல. அன்று தொலைபேசி இருந்த வீடுகளே குறைவு. இருந்த வீட்டிலும் அது கூடத்தில், எல்லார் காதுக்கும் எட்டும் இடத்தில் இருக்கும். பின்னர் தெருமுனைக்கு வந்த எஸ்.டி.டி. பூத் இந்தக் குறையை ஓரளவு போக்கியிருக்க வேண்டும். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே வரிசையில் நிற்பவருக்கு உதடு அசைவது மட்டும் தெரியும். கட்டணத்தைக் காட்டும் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே இருந்தாலும், மாமியாரைப் பற்றி மாமியாருக்குக் கேட்காமல் பேச ஒரு மருமகளுக்குக் கிடைத்த இடம் அது.

மருத்துவச் சிகிச்சை வேறொரு தடத்தில் தொலைவைக் கடந்தது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, 2010-இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. அதற்குள் ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. சென்னையிலிருந்த மருத்துவர் திரையில் பேசினார். இது பெரும்பாலும் தீவிர மனநோய்க்கான ஏற்பாடு. ஆனாலும் திரை வழியாக மனநல மருத்துவம் பார்க்க முடியும் என்பதைக் கொரோனாவுக்குப் பத்தாண்டு முன்பே இது நம் கிராமங்களில் காட்டிவிட்டது.

2020 மார்ச் 25, ஊரடங்கின் முதல் நாள். அன்று வெளியான இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறைகள் காணொளி, குரல், எழுத்து என மூன்று வழிகளையும் அங்கீகரித்தன. அதே ஆவணம், மருத்துவரும் நோயாளியும் ஒருவரையொருவர் யாரென்று அறிந்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. மருந்து எழுதித் தருபவருக்கு அது தேவைதான், அதில் குறை காண முடியாது. என்றாலும், பெயரில்லாமல் பேசும் பழைய மரபும் மருத்துவமும் பிரிந்த இடம் இது. மருந்து எழுதாத ஆலோசகர்கள் இந்த நெறிமுறைக்குள் வரவில்லை. அவர்களை நம்பி வந்த செயலிகளோ பெயர், மின்னஞ்சல், மன நிலை பற்றிய கேள்விப் பட்டியல் என எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கிக்கொண்டன.

அதன் விளைவு அமெரிக்காவில் வெளிப்பட்டது. பயனர்கள் தந்த இத்தகைய விவரங்களை ஃபேஸ்புக் உள்ளிட்ட விளம்பரத் தளங்களோடு பகிர்ந்ததாக ‘பெட்டர்ஹெல்ப்’ என்ற இணையவழி ஆலோசனை நிறுவனத்தின் மீது அந்நாட்டின் வணிக ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்தது. நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. தன்னார்வலர் காத்த ரகசியம் சந்தைச் சரக்காகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியக் காப்பை உரிமையாகவே அளிக்கிறது. மின்வடிவில் சேமித்த தகவல்களுக்கும் அது பொருந்தும் என்கிறது. ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பவர் அவருடைய படிப்பு, பதிவு ஆகியவற்றோடு இதையும் கேட்டுப் பெற வேண்டும்: நான் பேசுவது எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்ப்பார்கள்?

செயலிகள் வந்த பிறகும் தொலைபேசி வழி நின்றுவிடவில்லை. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசின் ‘டெலி-மானஸ்’ என்ற தொலைபேசி மனநலச் சேவை வந்தது. தமிழ்நாட்டில் அது ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் 14416 என்ற இலவச எண்ணில் இயங்குகிறது. தேர்வு பயமானாலும் குடும்பச் சண்டையானாலும் அழைக்கலாம்.

மீதமிருப்பது இரண்டாவது மறைவு. அதை எந்தச் செயலியும் சட்டமும் தர முடியாது. எஸ்.டி.டி. பூத்துகள் போய்விட்டன. ஒற்றைப் படுக்கையறை வீட்டில் கூடத்தில் தொலைக்காட்சி ஓடுகிறது, சமையலறையில் அம்மா நிற்கிறார். பேச வேண்டியவர் செல்பேசியோடு மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்காருகிறார். உங்கள் வீட்டில் யாரேனும் அப்படிப் போனால் பின்தொடர்ந்து போகாதீர்கள். இறங்கி வந்ததும் என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள். முடிந்தால், அடுத்த முறை உள்ளறையை அவருக்கு விட்டுக்கொடுத்து நீங்கள் மாடிக்குப் போங்கள்.